தோற்றவனை அந்த ஆட்டம் என்ன செய்கிறது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் மகனுக்குப் பத்து வயது. அவனுடைய பெரியப்பா மகன் கல்லூரியில் படிக்கிறான். போன வாரம் அவன் அறையில் இருவரும் ‘மார்ட்டல் காம்பேட்’ என்ற சண்டை விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார்கள். தற்செயலாக எட்டிப் பார்த்தேன். திரையில் ஒருவன் இன்னொருவனின் தலையைப் பிடித்து முதுகெலும்போடு உருவி எடுத்தான். என் பிள்ளை கைதட்டிச் சிரித்தான். எனக்கு உடம்பே நடுங்கிவிட்டது. ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன். எல்லார் முன்னாலும் அவனைத் திட்டித் தீர்த்துவிட்டேன். மூன்று நாளாக அவன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

என் கணவர், “வெறும் பொம்மைச் சண்டை, நாங்களும் இதையெல்லாம் ஆடித்தானே வளர்ந்தோம்” என்கிறார். என் அக்காவோ, “இதை ஆடுகிற பிள்ளைகள்தான் பின்னால் கத்தியைத் தூக்குகிறார்கள்” என்கிறாள். சண்டை விளையாட்டு என்றாலே கூடாதா? எது ஆகும், எது ஆகாது என்று என்னைப் போன்றவள் எப்படிக் கண்டுபிடிப்பது? நான் செய்தது தவறா?

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். அந்த ஆட்டம் பத்து வயதுப் பிள்ளைக்கு ஆகாது. இதில் எனக்கு எள்ளளவும் தயக்கம் இல்லை. நீங்கள் நிறுத்தியது சரி. நிறுத்திய விதத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

சண்டை விளையாட்டு என்றாலே கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி நான் நினைக்கவில்லை. இந்த வகை ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றுதான். எதிரெதிரே இருவர் நிற்பார்கள். திரையின் மேலே ஆளுக்கொரு பட்டை இருக்கும். அடி விழ விழ அது குறைந்துகொண்டே வரும். பெரும்பாலும் மூன்று சுற்றுகளில் இரண்டை வென்றவருக்கு வெற்றி. எதிராளி என்ன செய்யப் போகிறான் என்று ஒரு நொடி முன்னால் கணிப்பவன் ஜெயிப்பான். இவ்வளவில் கெடுதல் ஒன்றும் இல்லை. ஓடிப் பிடிப்பதிலும் மல்லுக்கட்டுவதிலும் பிள்ளைகள் காலங்காலமாகத் தேடுகிற அதே கிளர்ச்சிதான் இது.

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பதைப் பல ஆட்டங்களைப் பார்த்த பிறகுதான் நான் புரிந்துகொண்டேன். தோற்றவனை அந்த ஆட்டம் என்ன செய்கிறது என்று பாருங்கள். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ ஆட்டத்தில் தோற்றவன் மல்லாந்து விழுவான்; அடுத்த சுற்றில் எதுவும் நடக்காதது போல எழுந்து நிற்பான். ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்’ ஆட்டத்தில் அடி வாங்கியவன் திரைக்கு வெளியே பறந்துபோய், வாய்ப்பு மிச்சம் இருந்தால் திரும்பி வருவான். நீங்கள் பார்த்த ஆட்டத்தில் நடப்பதே வேறு. கடைசிச் சுற்றும் முடிந்து வெற்றி யாருக்கு என்று தீர்ந்துவிடும். தோற்றவன் கையை உயர்த்தக்கூடத் தெம்பில்லாமல் தள்ளாடிக்கொண்டு நிற்பான். அப்போது ‘ஃபினிஷ் ஹிம்’ என்று ஒரு குரல் கேட்கும். ‘அவனை முடித்துவிடு’ என்று பொருள். சில நொடிகளுக்குள் சரியான பொத்தான்களை வரிசையாக அழுத்தினால் நீங்கள் கண்ட அந்தக் கொடூரம் அரங்கேறும். ஆடுபவர்கள் இதை ‘ஃபேட்டாலிட்டி’ என்பார்கள். ஜெயிப்பதற்கு இது தேவையே இல்லை. ஏற்கெனவே ஜெயித்தாயிற்று. எதிர்க்கத் திராணியற்ற ஒருவனைச் சிதைப்பது அங்கே வெகுமதியாக வைக்கப்பட்டிருக்கிறது.

ஐரோப்பாவில் வீடியோ கேம்களுக்கு வயது முத்திரை தரும் ‘பெகி’ என்ற அமைப்பும் இதைக் கவனிக்கிறது. 2003 முதல் நடப்பில் இருக்கும் இந்த முறையில் 3, 7, 12, 16, 18 என்று ஐந்து படிகள். கோரமான வன்முறை, காரணமே இல்லாத கொலை, தற்காத்துக்கொள்ள முடியாதவர்கள் மீதான வன்முறை ஆகியவை இருந்தால் 18. மூன்றாவதாகச் சொன்னதை மறுபடி படித்துப் பாருங்கள். அந்தத் தள்ளாடுகிறவன் அதில்தான் வருகிறான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயது முத்திரை என்ற ஏற்பாட்டையே அமெரிக்காவில் கொண்டுவந்ததில் இதே ஆட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1992இல் நாணயம் போட்டு ஆடும் எந்திரங்களில் அது வெளிவந்தபோது, வரைந்த பொம்மைகளுக்குப் பதிலாக நிஜ மனிதர்களைப் படம்பிடித்துப் பாத்திரங்களாக்கியிருந்தார்கள். ரத்தம் தெறித்தது மனித உருவங்களின் மேல். அடுத்த ஆண்டு வீட்டுக் கருவிகளுக்கு வந்தபோது, நின்டெண்டோ நிறுவனம் தன் பதிப்பில் ரத்தத்தை எடுத்துவிட்டு வியர்வை போலச் சாம்பல் நிறத் துளிகளை வைத்தது. போட்டி நிறுவனமான செகாவின் பதிப்பிலோ ரகசியப் பொத்தான் வரிசை ஒன்றை அழுத்தினால் ரத்தம் வரும். விற்பனையில் முந்தியது செகா. 1993 டிசம்பரில் ஜோசப் லீபர்மன், ஹெர்ப் கோல் என்ற இரு செனட்டர்கள் முன்னின்று விசாரணை நடத்தினார்கள். அரசு சட்டம் போடுவதற்குள் தொழில்துறை தானே முந்திக்கொண்டு 1994இல் வயது முத்திரை தரும் இ.எஸ்.ஆர்.பி. என்ற அமைப்பை நிறுவியது. உங்களைப் போல் எட்டிப் பார்த்து நடுங்கிய பெற்றோர்கள் அன்றும் இருந்தார்கள். பெட்டியின் மூலையில் இருக்கும் அந்தச் சின்ன முத்திரைக்குப் பின்னால் அவர்களுடைய பதற்றம் இருக்கிறது.

ஆகவே முதலில் அந்த முத்திரையைப் பாருங்கள். 2023இல் வந்த ‘மார்ட்டல் காம்பேட் 1’ ஆட்டத்துக்கு அமெரிக்காவில் 17 வயதுக்கு மேல், ஐரோப்பாவில் 18. அதே ஆண்டு வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ ஆட்டத்துக்கு அமெரிக்காவில் 13, ஐரோப்பாவில் 12. ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்’ அமெரிக்காவில் 10, ஐரோப்பாவில் 12. ‘டெக்கன் 8’ அமெரிக்காவில் 13, ஐரோப்பாவில் 16. கடைசி இரண்டிலும் இரு எண்களுக்கும் நடுவே இடைவெளி கூடுவதைக் கவனியுங்கள். எண்களில் பெரிய இடைவெளி தெரிந்தால், அந்த ஆட்டத்தை நீங்களே உட்கார்ந்து பார்த்தாக வேண்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் ‘ரத்தம்’, ‘தீவிர வன்முறை’ என்பது போன்ற சொற்களும் இருக்கும். எனக்கு எண்ணைவிட அந்தச் சொற்கள்தான் அதிகம் உதவியிருக்கின்றன.

முத்திரை எல்லாவற்றையும் சொல்லிவிடாது. கடைக்கு வரும் ஆட்டங்களை இ.எஸ்.ஆர்.பி.யின் மதிப்பீட்டாளர்கள் முழுவதும் ஆடிப் பார்ப்பதில்லை. மிகக் கடுமையான காட்சிகள் அடங்கிய வீடியோவையும் கேள்விகளுக்கான பதில்களையும் நிறுவனமே கொடுக்கும். அவற்றை வைத்து முடிவு செய்கிறார்கள். நியாயமான முறைதான். ஆனால் உங்கள் மகன் எதைக் கண்டு பயப்படுவான், எதைத் திரும்பச் செய்து பார்ப்பான் என்பது அவர்களுக்குத் தெரியாது. இணையத்தில் முகம் தெரியாதவர்களோடு ஆடும்போது காதில் விழும் வசவுகளுக்கும் முத்திரையில் கணக்கில்லை. பெண் பாத்திரங்களின் உடையையும் கேமரா அவர்களைப் பார்க்கும் விதத்தையும் நீங்கள்தான் கவனிக்க வேண்டும். ரத்தத்தைத் தேடும் அவசரத்தில் பல பெற்றோர் இதைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள்.

என் தங்கை மகனைப் பற்றிச் சொல்கிறேன். அப்போது அவனுக்குப் பதினொரு வயது. 13 என்று முத்திரை இருந்த ஒரு சண்டை ஆட்டத்தை, தெரிந்தேதான், என் பக்கத்தில் உட்காரவைத்து ஆடவிட்டேன். முதல் ஆறு ஆட்டம் தோற்றான். ஒவ்வொரு தோல்விக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டு, “மாமா, இன்னொரு தடவை” என்பான். ஏழாவது ஆட்டத்தில் அடிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றான். எனக்குப் புரியவில்லை. நான் எகிறிக் குதித்து வந்தேன். காத்திருந்து கீழிருந்து ஒரே குத்து. “நீங்க எப்பவும் குதிச்சுத்தான் வர்றீங்க மாமா” என்றான். ஆறு தோல்விகளிலும் பிள்ளை என்னைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறான். அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இப்போதும் மறக்கவில்லை.

அதே விடுமுறையில், பள்ளி நண்பன் சொன்னான் என்று வேறொரு ஆட்டத்தைக் கேட்டான். பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் போட்டுவிட்டேன். என் தவறு. ஒரு கட்டத்தில் கேமரா உடலுக்குள்ளேயே நுழைந்து, விலா எலும்பு முறிவதை மெதுவாகக் காட்டியது. அவன் கட்டைவிரல் கன்ட்ரோலரின் மேல் அப்படியே நின்றுவிட்டது. அவன் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான். நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துவிட்டு, ஒரு நொடி கழித்துச் சிரித்தான். அன்று இரவு, விளக்கை அணைக்க வேண்டாம் என்று கேட்டான்.

உங்கள் மகன் கைதட்டிச் சிரித்ததைப் படித்தபோது எனக்கு அந்தச் சிரிப்புதான் நினைவுக்கு வந்தது. பத்து வயதுப் பையன், கல்லூரி படிக்கும் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். முகம் சுளித்தால் சின்னப் பையன் ஆகிவிடுவான். சிரித்தால் அவர்களில் ஒருவன் ஆகலாம். அந்தச் சிரிப்பை வைத்து அவன் மனம் இறுகிவிட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அந்தக் காட்சி அவனுக்குள் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று அவனுக்கே தெரியாமல் இருக்கலாம்.

உங்கள் அக்காவின் பயத்துக்கு வருகிறேன். பிள்ளை ஆட்டத்தில் அடித்தால் நாளை நிஜத்தில் கத்தியெடுப்பான் என்பதற்கு ஆதாரம் இல்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் வெளியிட்ட தீர்மானத்தில், வன்முறைக் குற்றங்களுக்கு வீடியோ கேம்களைக் காரணமாகக் காட்டப் போதிய அறிவியல் ஆதாரம் இல்லை என்று தெளிவாகச் சொன்னது. கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்தோடு சிறிய அளவில் தொடர்பு தெரிகிறது என்றும் அதே தீர்மானம் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கொலைகாரன் ஆவானா என்ற கேள்வியோடு நின்றுவிட்டால், ஆகமாட்டான் என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் கையில் கொடுத்துவிடுவோம். பத்து வயதில் ஒரு பிள்ளை எதைப் பார்க்காமல் இருக்க உரிமை உள்ளவன் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அவன் தூக்கமும், இரவில் கண்ணை மூடினால் வரும் படங்களும் போதுமான காரணங்கள். அவற்றுக்காக அவன் குற்றவாளி ஆகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

உங்கள் கணவர் ஆடி வளர்ந்தது உண்மையாக இருக்கும். அன்றைய திரையில் அது கட்டம் கட்டமான சிவப்புப் புள்ளிகள். எலும்புக்குள் நுழையும் அந்தக் கேமரா இந்த ஆட்டத்துக்கு 2011இல்தான் வந்தது. இன்றைய ஆட்டத்தில் தோலின் கீறலும் கண்ணில் தெரியும் வலியும் நிஜம் போலவே இருக்கின்றன. பெயர் ஒன்று என்பதால் பண்டமும் ஒன்றாகிவிடாது. அவரிடம் வாதாட வேண்டாம். பிள்ளை தூங்கிய பிறகு, புதியதை அரைமணி நேரம் அவரையே ஆடச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

இனி எந்த ஆட்டம் வந்தாலும் அதையே செய்யுங்கள். தொடக்கத்தைப் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். தொடக்கம் எல்லா ஆட்டத்திலும் அடக்கமாகத்தான் இருக்கும். ஒருவன் தோற்கும்வரை இருங்கள். அவன் விழுந்த பிறகு கேமரா எங்கே போகிறது, காயத்தின் மேல் எவ்வளவு நேரம் நிற்கிறது, வென்றவனுக்கு எதற்காகக் கைதட்டல் கிடைக்கிறது என்று பாருங்கள். சில ஆட்டங்களில் ரத்தத்தை மட்டும் நிறுத்திவைக்கும் வசதி உண்டு. தள்ளாடுகிறவனைக் கொல்லும் காட்சி அப்படியே இருந்தால் அந்த வசதியால் எனக்கு நிம்மதி கிடைக்காது. இப்போதைய கருவிகள் எல்லாவற்றிலும் வயது வரம்பு வைத்து ரகசிய எண்ணால் பூட்டலாம். பெரியப்பா வீட்டுக் கருவியிலும் வைக்கச் சொல்லுங்கள். அந்த அண்ணனிடம் கோபப்படாமல் கேளுங்கள். தம்பியின் மேல் பாசம் இருப்பதால்தானே பக்கத்தில் உட்காரவைத்து ஆடுகிறான். சேர்ந்து ஆட வேறொன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும் அவனிடமே கொடுத்துவிடலாம்.

கடைசியாக, நீங்கள் வயரைப் பிடுங்கியது. பயந்துபோன தாய் செய்தது அது. அதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். எல்லார் முன்னாலும் திட்டியதுதான் அவனைத் தைத்திருக்கும். தான் என்ன குற்றம் செய்தோம் என்றே அவனுக்குத் தெரியாது. அண்ணன் கொடுத்தான், ஆடினான். இன்று இரவே அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள். திட்டியதற்கு மன்னிப்புக் கேளுங்கள். நிறுத்தியதற்குக் கேட்க வேண்டாம். அந்த ஆட்டம் வேண்டாம் என்பது அப்படியே இருக்கட்டும். அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது என்று உங்களைப் பற்றி முதலில் சொல்லுங்கள். அவனுக்கும் பயமாக இருந்ததா என்று உடனே கேட்காதீர்கள். கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். பிறகு, சண்டை ஆட்டங்களில் உனக்குப் பிடித்த ஆள் யார், அவன் என்னவெல்லாம் செய்வான், எனக்குச் சொல்லிக் கொடு என்று கேளுங்கள். மூன்று நாளாகப் பேசாதவன் எவ்வளவு பேசுகிறான் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.