டாங்காவில் ஓடியவர்கள்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். என் கொள்ளுத்தாத்தா முதல் உலகப்போரின்போது பட்டாளத்தில் இருந்தவர். ‘ஆப்பிரிக்கா சண்டைக்குப் போனவர்’ என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. ஊர்ச் சாவடிச் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். இந்தக் கிராமத்திலிருந்து 1914-1919 பெரும்போருக்குப் போனவர்கள் இத்தனை பேர், உயிர் கொடுத்தவர்கள் இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும் இருக்கிறது. பெயர் ஒன்றுகூடக் கிடையாது.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டேன். வரலாறு வாசிக்கும் உறவினர் ஒருவர், “ஆப்பிரிக்காவா? பாளையங்கோட்டை ரெஜிமென்டாக இருக்கும். டாங்காவில் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடிய பட்டாளம்” என்றார். பந்தியே சிரித்தது. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், அவர் சொன்னது உண்மைதான் போலிருக்கிறது. தமிழன் சண்டைக்கு லாயக்கில்லை என்று வெள்ளைக்காரன் சொன்னது சரிதானா? என் கொள்ளுத்தாத்தா கோழையா? அவருடைய வெள்ளிப் பதக்கம் அம்மாவிடம் இருக்கிறது. அதை இனி யாரிடமாவது எடுத்துக் காட்டலாமா என்றே தெரியவில்லை.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

ஓடினார்கள். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். 1914 நவம்பர் 4 பிற்பகல், ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் (இன்றைய தான்சானியா) டாங்கா துறைமுகத்துக்கு வெளியே, 63வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியின் பெரும்பகுதி கலைந்து கடற்கரையைப் பார்க்க ஓடியது. இதை மறைத்து வீரவரலாறு எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், எனக்கு அதில் விருப்பமில்லை. ஆனால் உங்கள் உறவினர் அந்த ஒரு பிற்பகலை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு முந்தைய ஒரு மாதத்தைப் பந்தியில் பரிமாறாமல் விட்டுவிட்டார்.

ஜெர்மானியரிடமிருந்து டாங்காவைப் பிடிக்க, பிரிட்டிஷ் இந்தியப் படையை ஏற்றிக்கொண்டு அக்டோபர் 16 அன்று ஒரு கப்பல் கூட்டம் பம்பாயிலிருந்து கிளம்பியது. சுமார் 8,000 பேர். கிளம்பும் முன்பே துறைமுக வெக்கையில் கப்பலுக்குள் அடைந்துகிடந்த நாட்கள் தனிக் கணக்கு. கடலையே பார்த்திராதவர்கள் அதில் ஏராளம். கூட்டத்திலேயே மெதுவாகப் போகும் கப்பலின் வேகம்தான் எல்லாக் கப்பலுக்கும் வேகம். கீழ்த்தளத்தில் நெருக்கியடித்துக் கிடந்து, வாந்தியெடுத்து, கால் மரத்துப்போய், மாத இறுதியில் மொம்பாசாவுக்கு வெளியே வந்து சேர்ந்தார்கள். நான்கு நாள் கரையிறக்கி நடக்கவிட்டிருந்தால்கூட உடம்பு மீண்டிருக்கும். தளபதி ஆர்தர் எய்ட்கென் அது தேவையில்லை என்று நினைத்தார். டாங்காவை வேவு பார்ப்பதும் தேவையில்லை என்று நினைத்தார்.

அடுத்து நடந்தது நம்ப முடியாத கூத்து. நவம்பர் 2 அன்று ‘ஃபாக்ஸ்’ என்ற போர்க்கப்பல் தனியாகத் துறைமுகத்துக்குள் போய், சரணடைகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டது. வருகிறோம் என்று தண்டோரா போட்டதுபோலத்தான். ஜெர்மானியத் தளபதி லெட்டோ-ஃபோர்பெக் உள்நாட்டிலிருந்த தன் ஆட்களை ரயிலேற்றிக் கொண்டுவந்து சேர்த்தார். எண்ணிக்கையில் எட்டில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனால் அவருடைய அஸ்காரிகளுக்கு, அதாவது ஜெர்மன் படையிலிருந்த ஆப்பிரிக்கச் சிப்பாய்களுக்கு, மண் பழக்கம், வெயில் பழக்கம், அதிகாரிகளும் பழகிய முகங்கள். இந்தப் பக்கத்துச் சிப்பாய்களை அலையாத்திக் காட்டுச் சேற்றில் இறக்கிவிட்டார்கள்.

துப்பாக்கி விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கிளம்பும் நேரத்தில்தான் இந்தப் படையின் சில பட்டாளங்களுக்குப் புதிய லீ-என்ஃபீல்டு ரைஃபிள் வழங்கினார்கள். பழைய ரைஃபிளில் தோட்டாக்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ள வேண்டும். புதியதில் ஐந்து தோட்டா கோத்த கிளிப்பை மேலே பொருத்தி, கட்டைவிரலால் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். பழகிய கைக்கு இது மூச்சுவிடும் நேரத்து வேலை. பழகாத கையில் கிளிப் கோணிக்கொள்ளும், கட்டைவிரல் வழுக்கும், தோட்டா மண்ணில் விழும். வருடக்கணக்காக ஒரு துப்பாக்கியோடு வாழ்ந்த சிப்பாயின் விரல்களுக்கு அதன் ஒவ்வொரு அசைவும் தெரியும், இருட்டிலும் தெரியும். அதைப் பிடுங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தால் அவன் மறுபடியும் ரிக்ரூட் ஆகிவிடுகிறான். எதிரே கண்ணுக்குத் தெரியாத புதருக்குள்ளிருந்து இயந்திரத் துப்பாக்கி சுடும்போது அவன் விரலைப் பார்ப்பானா, புதரைப் பார்ப்பானா?

என் பெரியப்பா 1971 போரின்போது காலாட்படையில் நாயக்காக இருந்தவர். சிறுவர்கள் நாங்கள் சுற்றி உட்கார்ந்து சண்டைக் கதை கேட்டால் அவர் காலுறைக் கதை சொல்வார். ஈரமான காலுறையை எப்படி வயிற்றில் கட்டி உடம்புச் சூட்டில் உலர்த்துவது, எந்த விரலிடுக்கில் முதலில் தோல் உரியும், தண்ணீர்ப் புட்டியை எந்த நேரத்தில் திறக்கவே கூடாது. எங்களுக்குப் பெரிய ஏமாற்றம். “மாமா, எத்தனை பேரைச் சுட்டீங்க?” என்று அவருடைய அக்கா மகன் கேட்டதற்கு, “நடந்தேன்டா, நடந்துகொண்டே இருந்தேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். டாங்காவைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அவருடைய காலுறைதான் நினைவுக்கு வருகிறது.

அந்த 4ஆம் தேதி உச்சிவெயிலில் முன்னேறச் சொன்னார்கள். ரப்பர்த் தோட்டம், கற்றாழைத் தோட்டம், ஆள் உயரப் புதர். பக்கத்துக் கம்பெனி எங்கே இருக்கிறது என்று தெரியாது. தண்ணீர் தீர்ந்துபோயிற்று, வெயிலில் சுருண்டு விழுந்தவர்கள் பலர். சுடத் தொடங்கியதும் பாளையங்கோட்டை வரிசை உடைந்தது. 98வது காலாட்படையின் கதை இன்னும் விநோதம். மரங்களில் தொங்கிய தேன்கூடுகளைக் குண்டுகள் பிளக்க, தேனீக்கள் கூட்டமாக வந்து கொட்டின. ஜெர்மானியர்கள் தேனீக்களுக்குப் பயிற்சி கொடுத்து ஏவிவிட்டார்கள் என்ற அளவுக்கு அப்போது கதை கட்டினார்கள்! தேனீக்கள் இரு தரப்பையும் வேறுபாடின்றிக் கொட்டின என்பதுதான் உண்மை. மறுநாள் எல்லோரும் கப்பலேறினார்கள். இந்தப் பக்கம் 800 பேருக்கு மேல் சேதம், அதில் 350க்கும் மேற்பட்டோர் இறந்தவர்கள். பதினாறு இயந்திரத் துப்பாக்கிகளும் லட்சக்கணக்கான தோட்டாக்களும் கரையிலேயே எதிரிக்கு விடப்பட்டன. அவற்றை விட்டுவரச் சொன்னது சிப்பாய் அல்ல.

எய்ட்கெனுக்கு அதன்பின் படை எதையும் தரவில்லை. ஆனால் கெட்ட பெயர் மட்டும் ‘மதராஸி’ மேல் தங்கிவிட்டது. தங்குவதற்கு இடம் முன்பே தயாராக இருந்தது. 1880களில் மதராஸ் ராணுவத்தின் தளபதியாக இருந்து, பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியான ராபர்ட்ஸ், தெற்கத்திச் சிப்பாய்க்கு நீண்ட அமைதியால் போர்க்குணம் போய்விட்டது என்று முடிவு கட்டியிருந்தார். தெற்கில் ஆளெடுப்பு குறைந்தது. முன்னேற நினைத்த அதிகாரிகள் பஞ்சாப் பட்டாளங்களைத் தேடிப் போனார்கள். முப்பது வருடம் சோறு போடாமல் வைத்துவிட்டு, பார், இளைத்திருக்கிறான் என்று சொல்வதற்கு ஒப்பு இது. சோறு என்றதும் நினைவுக்கு வருகிறது: 1751 ஆற்காட்டு முற்றுகையில், தெற்கத்திச் சிப்பாய்கள் சோற்றை வெள்ளையருக்குக் கொடுத்துவிட்டுத் தாங்கள் வடித்த கஞ்சியைக் குடித்தார்கள் என்ற கதையை ஆங்கிலேயர்களே நூறு வருடம் கண்ணீர் மல்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தேவைப்பட்டபோது விசுவாசி, தேவைப்படாதபோது கோழை. 1920களின் இறுதிக்குள் மதராஸ் காலாட்படைப் பட்டாளங்கள் எல்லாவற்றையும் கலைத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் ஆள் போதாமல் திரும்பத் திரட்டி, பர்மாவுக்கு அனுப்பினார்கள்.

மாதம் 11 ரூபாய் சம்பளத்துக்குப் போன அந்த மனிதர்களில் ஒருவர்கூட அன்று என்ன நடந்தது என்று எழுதி நாம் வாசிக்கக் கிடைக்கவில்லை என்பதுதான் எனக்குள்ள வருத்தம். நமக்குக் கிடைப்பதெல்லாம் அதிகாரிகளின் டைரி. தோற்ற அதிகாரியின் டைரியில் சிப்பாய் வேறு எப்படி இருப்பான்?

இன்னொன்றையும் கேட்க வேண்டும். உங்கள் கொள்ளுத்தாத்தா பாளையங்கோட்டை ரெஜிமென்டில்தான் இருந்தார் என்று உங்கள் உறவினருக்கு யார் சொன்னது? திருநெல்வேலிக்காரர் என்பதால் அப்படி ஆகிவிடாது. அது மதராஸ் மாகாணம் முழுவதிலும் ஆளெடுத்த பட்டாளம், பெயர்தான் பாளையங்கோட்டை. அதே டாங்காவில் 61வது பயனியர்ஸும் (பாதை போடும் வேலையும் செய்யும் காலாட்படை) இறங்கியது, அதுவும் மதராஸ் பட்டாளம்தான்.

மகன் புறமுதுகிட்டான் என்று ஊர் சொன்னதைக் கேட்ட சங்ககாலத்துத் தாய் ஒருத்தி உங்களுக்குத் தெரிந்திருக்கும். பலரும் அவள் வீரத்தைப் பற்றிப் பேசுவார்கள். என்னைக் கவர்வது, அவள் ஊர்ப்பேச்சை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டிப் பார்த்தாள் என்பதுதான்.

அம்மாவிடம் இருக்கும் பதக்கத்தை வாங்கிப் பாருங்கள். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரைமேல் ஆடையில்லாத ஒரு வீரன், 1914, 1918 என்ற ஆண்டுகள் இருந்தால் அது பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். பல வீடுகளில் அதை உருக்கிக் கொலுசாக்கிவிட்டார்கள், உங்கள் வீட்டில் தப்பியிருக்கிறது. முகத்தை விடுங்கள், விளிம்பைப் பாருங்கள். அங்கேதான் எண், பதவி, பெயர், பட்டாளம் எல்லாம் சின்ன ஆங்கில எழுத்துகளில் பொறித்திருப்பார்கள். சாவடிக் கல்லில் இல்லாத பெயர் அதில் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பிப் படியுங்கள். படம் எடுத்து எனக்கும் அனுப்புங்கள்.

அதற்கு முன் பளபளப்பாக்குகிறேன் என்று யாரும் புளி போட்டுத் தேய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்து போய்விடும்.