இன்வெர்ட்டரின் சிவப்பு விளக்கும் எட்டு வயதுப் பையனும்

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. போன மாதம் வீட்டுக்கு வந்திருந்த என் தம்பி, பழைய ஆங்கில விண்வெளி சீரியல்களை லேப்டாப்பில் போட்டுக் காட்டினான். கத்திக்கொண்டே நகர்ந்து வரும் டப்பா மாதிரி ஒரு வில்லன், கண் இருக்கும் இடத்தில் சிவப்பு வெளிச்சம் ஓடும் இரும்பு வீரர்கள், இவை பையன் மனதை விட்டுப் போகவே இல்லை. ராத்திரி ஹாலில் இன்வெர்ட்டரின் சிவப்பு விளக்கைப் பார்த்தால் எழுந்து உட்கார்ந்து அழுகிறான். "பாக்ஸிங் ஏரியாவுல பொறந்துட்டு டப்பாவுக்குப் பயப்படறியே" என்று தம்பி போனில்கூடக் கிண்டல் செய்கிறான். டி.வி.யையே நிறுத்திவிடலாமா?
- ஒரு அம்மா, தண்டையார்பேட்டை

பதில்: சகோதரி, முதலில் நிறுத்த வேண்டியது தம்பியின் கிண்டலை. டி.வி.யை அப்புறம் பார்க்கலாம். நம் பக்கத்தில் குத்துச்சண்டை பழகுகிறவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், பயமே இல்லாமல் ரிங்கில் ஏறினேன் என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார். கிண்டல் செய்தால் பையனின் பயம் போகாது, அதை உங்களிடம் சொல்லாமல் மறைத்துக்கொள்வான், அவ்வளவுதான்.

எனக்கும் இப்படி ஒன்று இருந்தது. பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெரு முனையில் மாவு மில், பெல்ட் ஓடுகிற சத்தம் கேட்டாலே அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொள்வேன். ஒருநாள் மில்காரர் மெஷினை நிறுத்தித் திறந்து, உள்ளே இருந்த கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அடுத்த வாரம் கோதுமை டப்பாவை நானே தூக்கிக்கொண்டு போனேன். உங்கள் பையனுக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டுங்கள்.

அவன் பார்த்த டப்பாவின் பெயர் டாலெக் என்று நினைக்கிறேன். பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ' தொடரில் 1963 டிசம்பரில் முதன்முதலாக வந்தது. பிரிட்டனில் குழந்தைகள் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்த வில்லன் அது, ஆகவே உங்கள் மகனுக்குத் துணை நிறையவே உண்டு. அந்த டப்பாவுக்குள் ஒரு ஆள் உட்கார்ந்துகொண்டு, காலால் தரையைத் தள்ளித் தள்ளித்தான் அதை ஓட்டினார். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கை, சிங்க் அடைத்துக்கொண்டால் குத்தி எடுப்போமே, அந்த ரப்பர் குத்தி. கரகரவென்ற குரல் வெளியே மைக் பிடித்த வேறொரு நடிகருடையது, அதை ஒரு கருவி வழியாக விட்டு அப்படி நடுங்க வைத்தார்கள். தலையில் மின்னும் விளக்குகளை வசனத்துக்கு ஏற்ப எரிய விட்டதும் உள்ளே இருந்தவர்தான். இதையெல்லாம் அவனிடம் நிதானமாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இது உங்களுக்கு. கதைப்படியே டாலெக் ரோபோ கிடையாது. உள்ளே உருமாறிப் போன ஓர் உயிர் கவசத்துக்குள் அடைந்துகிடக்கிறது. டாலெக் கதையை எழுதிய டெர்ரி நேஷன் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிறுவனாக இருந்தவர், நாஜிகளை மனதில் வைத்துத்தான் இவற்றைப் படைத்தார். நம்மைப் போல இல்லாதவர்கள் யாரும் உயிரோடு இருக்கக் கூடாது என்று கத்துகிற கூட்டம் அது. அதைப் பார்த்து ஒரு எட்டு வயதுப் பையன் நடுங்கினால் அவனிடம் கோளாறு எதுவும் இல்லை என்றுதான் நான் சொல்வேன்.

சிவப்பு வெளிச்சம் ஓடும் வீரர்கள் சைலான்கள், 1978-இல் வந்த 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' தொடர். முகம் என்று ஒன்று இருந்தால் கோபமா சிரிப்பா என்று தெரியும், இவர்களுக்கு அந்த ஒரு வெளிச்சம்தான், அது யாரைப் பார்க்கிறது என்பதுகூடத் தெரியாது, அதுதான் பயமுறுத்துகிறது. ஆனால் அதே தொடரை உருவாக்கிய க்ளென் லார்சன் 1982-இல் 'நைட் ரைடர்' எடுத்தபோது, இடமும் வலமும் ஓடுகிற அதே மாதிரி சிவப்பு விளக்கைக் கதாநாயகனின் பேசும் காருக்கு முன்னால் வைத்துவிட்டார். அந்தக் கார் நல்லது, ஆபத்தில் ஓடி வந்து காப்பாற்றும். அந்தக் காட்சியைப் பகல் நேரத்தில் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்குக் காட்டுங்கள். 2004-இல் மறுபடி எடுத்த கேலக்டிகா மட்டும் வேண்டாம், அதில் சைலான்களில் சிலர் மனிதர்கள் மாதிரியே இருப்பார்கள், அது பெரியவர்களுக்கானது.

டி.வி.யை அடியோடு நிறுத்த வேண்டாம், தண்டனை என்று நினைத்துக்கொள்வான். தூங்குவதற்கு முன் இந்த மாதிரித் தொடர்கள் கூடாது, அது போதும். இன்வெர்ட்டர் விளக்கின் மேல் இன்றைக்கே ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டுங்கள், அவன் கையாலேயே ஒட்டச் சொல்லுங்கள். அது எப்போது சிவப்பாகும், எப்போது பச்சையாகும் என்றும் சொல்லிக் கொடுங்கள். ஒரு மாதம் ஆகியும் தூக்கம் சரியாகவில்லை, படுக்கையை நனைக்கிறான், பள்ளிக்கூடம் போக மறுக்கிறான் என்றால் தள்ளிப் போடாதீர்கள், ஸ்டான்லி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது.

அப்புறம், அவன் உள்ளே உட்காருகிற அளவுக்கு ஒரு டாலெக் செய்யுங்கள். பெரிய அட்டைப் பெட்டி எம்.சி. ரோடு கடைகளில் கேட்டால் கிடைக்கும். அடுத்த முறை உங்கள் தம்பி வரும்போது அதை வாங்கித் தூக்கி வருவது அவர் வேலை.