விற்பனை நின்றுபோன ஜிப்ஸிக்கு பர்சனல் லோன் போடலாமா?

கேள்வி: வயது 37. கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 72,000 ரூபாய். வீட்டுக் கடன் இ.எம்.ஐ. 24,000, இரண்டு பிள்ளைகளின் பள்ளிச் செலவு மாதக் கணக்கில் 9,000, எஸ்.ஐ.பி. 8,000, வீட்டுச் செலவு 22,000. வங்கியில் 5 லட்சம் எஃப்.டி. உண்டு. வருடத்துக்கு ஒருமுறை 1 லட்சம் போனஸ் வரும். வேகன்-ஆர் ஒன்று இருக்கிறது, அதன் கடன் முடிந்துவிட்டது. ஊட்டிப் பதிவெண் கொண்ட 2006 மாடல் மாருதி ஜிப்ஸி கிங் 4.75 லட்சத்துக்கு வந்திருக்கிறது. பெரிய டயர், முன்னால் கம்பி பம்பர் எல்லாம் போட்டு அட்டகாசமாக இருக்கிறது. ஆர்.சி. (பதிவுச் சான்று) 2026 நவம்பர் வரை. எஃப்.டி.யில் 2.5 லட்சம் எடுத்து, மீதிக்கு 14% வட்டியில் மூன்று வருட பர்சனல் லோன் போடலாம் என்று நினைக்கிறேன். மாருதியின் புது ஜிம்னி 12 லட்சத்துக்கு மேல். இதுவோ இனி வராத வண்டி, விலை ஏறத்தான் செய்யும் என்பதால் முதலீடாகவும் ஆகும். ஆனைமலைப் பக்கம் உள்ள தென்னந்தோப்புக்கும் வால்பாறைக்கும் போய்வர உதவும். 'இது இப்போ தேவையா?' என்கிறார் மனைவி. 10,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். என்ன செய்யலாம்?

பதில்: இப்போது வேண்டாம். உங்கள் மனைவி கேட்டதில் உள்ள 'இப்போ' என்ற சொல்லை நீங்கள் சரியாகக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

வண்டியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 1985 கடைசியில் சந்தைக்கு வந்து, 2018 வாக்கில் பொதுமக்களுக்கான விற்பனை நிற்கும்வரை அடிப்படை வடிவம் மாறாமல் ஓடிய வண்டி வேறு எத்தனை இருக்கிறது? ராணுவம், போலீஸ், எஸ்டேட், வனத்துறை என்று எல்லோரும் நம்பிய வண்டி. நீங்கள் பார்த்திருப்பது 1,298 சிசி எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின், அதாவது கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை. மாருதியின் எஸ்டீம் காரில் வந்ததும் இதே குடும்பம்தான் என்பதால் இன்ஜின் ஸ்பேருக்குப் பெரிய திண்டாட்டம் இருக்காது. பழைய 970 சிசி கார்புரேட்டர் வண்டியைவிட இது நல்ல தேர்வுதான். ஒரிஜினலாக, துரு இல்லாமல் இருக்கும் ஜிப்ஸி சட்டென்று விலை இறங்குவதில்லை என்பதும் உண்மை.

ஆனால் விலை இறங்காத பொருளெல்லாம் முதலீடு ஆகிவிடாது. வாங்கிய விலைக்கே நாளை விற்றாலும், நடுவில் வொர்க்‌ஷாப்பில் கொட்டிய பணத்தை வாங்குபவர் தரமாட்டார். ஜிம்னி வாங்காததால் 7 லட்சம் மிச்சம் என்ற கணக்கும் வேண்டாம். அந்த 7 லட்சம் உங்களிடம் இருந்ததே இல்லையே. இதைப் பொழுதுபோக்குச் செலவு என்று ஒப்புக்கொண்டால் போதும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அப்போதுதான் கணக்கும் நேராகும்.

உங்கள் மாதக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் எல்லாம் போக 9,000 மிஞ்சுகிறது. 2.25 லட்சம் கடனுக்கு இ.எம்.ஐ. சுமார் 7,690. மூன்று வருடத்தில் வட்டி மட்டும் 52,000 பக்கம். மீதி 1,300 ரூபாயில் ஜிப்ஸிக்குப் பெட்ரோல் போட வேண்டும். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்று வைத்து, தோப்புக்கும் வெளியூருக்குமாக மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டினாலே 50 லிட்டர், அதாவது 5,000 ரூபாய்க்கு மேல். ஒரு ஸ்பேனரைக்கூடக் கையில் எடுக்கும் முன்பே துண்டு விழுகிறது. அப்புறம் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்: எஸ்.ஐ.பி.யைக் 'கொஞ்ச நாளைக்கு' நிறுத்துவீர்கள்.

பர்சனல் லோனுக்கு ஏன் போக வேண்டியிருக்கிறது என்றும் யோசியுங்கள். இருபது வயது வண்டியை ஈடாக வைத்துக்கொண்டு கார் லோன் தர வங்கிகள் பொதுவாக முன்வருவதில்லை. வங்கியே ஈடாக ஏற்காததை நீங்கள் முதலீடு என்கிறீர்கள்!

அடுத்து ஆர்.சி. இந்த பேரத்தில் என்னை உறுத்துவது இதுதான். பெட்ரோல் காருக்கு முதல் பதிவு 15 வருடம், அதன் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2006 வண்டி 2021-ல் ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு, இப்போது இரண்டாவது கெடுவை நெருங்குகிறது. 15 வருடம் தாண்டிய காருக்கு 5,000 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம், 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2025-ல் 10,000 ஆக்கப்பட்டது. பசுமை வரி தனி. பணம்கூடப் பெரிதில்லை, ஆய்வுக்கு வண்டி நிற்க வேண்டும் என்பதுதான் விஷயம். முன்னால் அட்டகாசமாக நிற்கும் அந்தக் கம்பி பம்பருக்கு 2017-லேயே மத்திய அரசு தடை சொல்லிவிட்டது. கம்பெனி கொடுத்த அளவை மீறிய டயரும் கேள்விக்கு உள்ளாகும். ஆர்.சி.யில் உள்ள அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. விற்பவர் தானே புதுப்பித்துவிட்டு இன்னும் நல்ல விலைக்குக் கொடுத்திருக்கலாமே, ஏன் செய்யவில்லை?

இன்ஷூரன்ஸிலும் இதே சிக்கல் உண்டு. மூன்றாம் நபர் காப்பீடு 1,000 முதல் 1,500 சிசி காருக்கு 3,416 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும், அது பெரிய தொகை இல்லை. வண்டிக்கான சொந்தச் சேதக் காப்பீடுதான் பிரச்னை. ஐந்து வயதைத் தாண்டிய வண்டியின் மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். நீங்கள் கொடுத்த 4.75 லட்சத்தை அவர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். திருட்டோ பெரிய விபத்தோ நடந்தால் நஷ்டத்தின் பெரும்பகுதி உங்கள் தலையில்தான். பின்னால் எதிரெதிராக இருக்கும் பெஞ்ச் சீட்டில் பிள்ளைகளை உட்காரவைத்து மலையேறும் எண்ணம் இருந்தால், அதை இப்போதே விட்டுவிடுங்கள். ஏர்பேக், ஏ.பி.எஸ். எதுவும் இல்லாத வண்டி இது. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவும் தார் ரோடுதான், உங்கள் வேகன்-ஆர் தாராளமாக ஏறும். நாலு சக்கரமும் இழுக்கும் 4x4 வசதி உங்களுக்கு உண்மையிலேயே உதவப்போவது மழைக்காலத்துச் சேற்றில், தோப்புக்குள் மட்டும்.

சரி, ஆசையை விடவே முடியாது என்றால் வழி இருக்கிறது. உங்கள் தவிர்க்க முடியாத மாதச் செலவு 55,000. ஆறு மாதத்துக்கு 3.3 லட்சம். எஃப்.டி.யில் அதைத் தொடக் கூடாது. மீதி 1.7 லட்சம் ஜிப்ஸி கணக்கில் இருக்கட்டும். மாதம் மிஞ்சும் 9,000-ஐ ஆர்.டி.யாகப் போட்டு, போனஸையும் சேர்த்தால் வருடத்துக்கு 2 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். இரண்டு வருடத்தில் கையில் 6 லட்சம் ரொக்கம் இருக்கும். அதில் வண்டிக்கு 4.75-க்கு மேல் போகாதீர்கள், மிச்சம் 1.25 லட்சம் முதல் வருட வேலைக்கு. அந்த நேரத்தில் மாதம் 9,000 மிஞ்சுவது பெட்ரோலுக்கும் சர்வீஸுக்கும் அப்படியே கிடைக்கும். இந்த ஜிப்ஸி அதற்குள் வேறு யார் வீட்டுக்காவது போய்விடும்தான். ஜிப்ஸிக்குப் பஞ்சமில்லை.

அந்த 1.25 லட்சம் அதிகம் என்று தோன்றலாம். மலையில், மழையில் கிடந்த வண்டியைப் பார்க்கும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். வண்டிக்குள் தரை விரிப்பைத் தூக்கி, தகட்டை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று கேட்க வேண்டிய இடத்தில் மொத்தையாகச் சத்தம் வந்தால் உள்ளே துருவை மறைத்துப் பட்டி பூசியிருக்கிறார்கள். வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடங்களில் சேஸிஸில் (அடிச்சட்டத்தில்) புது வெல்டிங் தெரிகிறதா என்று பாருங்கள். முன் சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் வழிந்திருந்தால் ஆயில் சீல் போயிருக்கலாம். கூடவே முன் சக்கரம் திரும்ப உதவும் கிங்பின் பேரிங்கும் தேய்ந்திருந்தால் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் உதறும். 4-லோவில் (நாலு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் கியரில்) போட்டு மெதுவாக நகர்த்தி, முன் சக்கரம் உண்மையிலேயே இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்றைய 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு இருபது வருட ரப்பர் ஹோஸ்கள் தாங்காது, வாங்கியதும் மாற்றிவிடுவது நல்லது. சேஸிஸ் வெல்டிங், டிங்கரிங், நாலு டயர், கிளட்ச் என்று இவற்றில் பாதி வந்தாலே தோராயமாக ஒரு லட்சம் காணாமல் போகும். மெக்கானிக்குக் கொடுக்கும் பார்வைக் கூலியில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள்.

அட்வான்ஸ் 10,000-ஐப் பற்றி. ஆர்.சி.யை உங்கள் செலவு இல்லாமல் புதுப்பித்து, பம்பரைக் கழற்றி, பழைய அளவு டயரோடு தர முடியுமா என்று விற்பவரிடம் வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். பெரும்பாலும் முடியாது என்பார். அந்தக் காரணத்தைச் சொல்லியே அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள். பாதி கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றுமே வராவிட்டாலும் லோன் வட்டி 52,000-ல் ஐந்தில் ஒரு பங்குதான் போயிருக்கும்.