நகரத்தின் விதி செல்லாது; ஆனாலும் இந்த வழக்கு வேண்டாம்

கேள்வி: பென்சில்வேனியாவில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதுகிறார். அவருடைய காரிலிருந்து கைத்துப்பாக்கி திருடுபோயிருக்கிறது. நான்கு நாள் கழித்துக் காவல்துறையில் சொன்னபோது, காணாமற்போன துப்பாக்கியைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்ற நகர விதியை மீறியதாக அவர்மீதே வழக்குப் பதிந்துவிட்டார்கள். மாநிலச் சட்டத்தில் அப்படி ஒரு கடமையே இல்லை என்றும், துப்பாக்கி உரிமைச் சங்கம் ஒன்று இலவசமாக வழக்கறிஞர் தர முன்வந்திருக்கிறது என்றும், கடைசி வரை போராடப் போவதாகவும் சொல்கிறார். 2023-ல் எச்-1பி விசாவில் இருந்தபோது, கடைக்காரர் சொன்னபடி வேட்டை உரிமம் எடுத்து அந்தத் துப்பாக்கியை வாங்கியதாகவும், 2024 நவம்பரில் கிரீன் கார்டு கிடைத்ததாகவும் இடையில் குறிப்பிடுகிறார்.

பதில்: காவலர் உங்களிடம் பேசிய தொனி, திருடனை விட்டுவிட்டுத் திருட்டுக் கொடுத்தவரைப் பிடித்த அநியாயம் ஆகியவற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். இவற்றில் ஒன்றும் வழக்குக்கு உதவாது.

நகரத்துக்கு அதிகாரம் இல்லை என்ற உங்கள் வாதம் சரியானதுதான். சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியின் உடைமை, கைமாற்றம், எடுத்துச் செல்லுதல் ஆகியவற்றை எந்த மாவட்டமும் நகராட்சியும் ஒழுங்குபடுத்தக் கூடாது என்று மாநிலக் குற்றவியல் தொகுப்பின் 6120-ஆம் பிரிவு கூறுகிறது. ஃபிலடெல்பியாவும் பிட்ஸ்பர்க்கும் சில வகைத் துப்பாக்கிகளுக்கு விதித்த தடையை மாநில உச்ச நீதிமன்றம் 1996-லேயே ரத்து செய்தது. 2018-ல் யூதத் தொழுகைக் கூடத்தில் 11 பேர் கொல்லப்பட்ட பிறகு பிட்ஸ்பர்க் கொண்டுவந்த விதிகளும் நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. உங்கள்மீது பாய்ந்திருப்பதைப் போன்ற ஃபிலடெல்பியாவின் அறிவிப்பு விதியையே மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்றான காமன்வெல்த் நீதிமன்றம் 2022-ல் செல்லாது என்றது. 2024-ல் மாநில உச்ச நீதிமன்றம் 6120-ஐ மீண்டும் உறுதிசெய்தது. ஆகவே அந்த வாதத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

நான் கவலைப்படுவது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரே ஒரு வரியைப் பற்றி: "வேட்டைக்கு நான் போனதே இல்லை என்பதால் உரிமத்தை மறு வருடம் புதுப்பிக்கவில்லை."

நகரமும் மாநிலமும் யாருக்கு அதிகாரம் என்று மோதிக்கொண்டாலும், அவை இரண்டுக்கும் மேலே ஃபெடரல் சட்டம் இருக்கிறது. அதன் 18-ஆம் தலைப்பின் 922-ஆம் பிரிவு, எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதையே குற்றமாக்குகிறது; அதற்கான தண்டனை 2022 முதல் 15 ஆண்டுகள் வரை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பவருக்கு விலக்கு உண்டு. கடைக்காரர் சொன்னது அந்த மட்டில் சரி. ஆனால் வாங்கும் நாளில் மட்டும் உரிமம் இருந்தால் போதும் என்று அவரும் நீங்களும் நினைத்துவிட்டீர்கள். பென்சில்வேனியாவின் வேட்டை உரிமம் ஜூன் 30-ஆம் தேதியோடு முடிகிறது. அதாவது 2024 ஜூலை 1 முதல் கிரீன் கார்டு கிடைத்த நவம்பர் நாள் வரை, அலமாரியில் பூட்டியே வைத்திருந்தாலும், அந்தத் துப்பாக்கியை வைத்திருக்க உங்களுக்கு உரிமை இல்லை. உரிமத்தின் நகல், துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் ஃபெடரல் படிவமான 4473-ஓடு கடைக்காரரிடம் இருக்கும்; அதன் காலாவதித் தேதியை விசாரிக்கும் அதிகாரி படித்துக்கொள்ளலாம்.

தம் விசா நிலையை அந்த நபர் அறிந்திருந்தார் என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019-ல் ஒரு வெளிநாட்டு மாணவரின் வழக்கில் கூறியது. அது உங்களைக் காப்பாற்றாது. எச்-1பியில் இருந்ததை நீங்களே உற்சாகமாக எழுதுகிறீர்கள். என்னிடம் வந்த ஒருவர் இதைவிடச் சிறிய அபராத வழக்கில், மேல்முறையீட்டின்போது சாட்சி சொல்ல எழுந்து, தாம் எவ்வளவு ஒழுங்கானவர் என்பதைக் காட்டுவதற்காகத் துப்பாக்கி வாங்கிய கதையைத் தேதிகளோடு முழுவதுமாகச் சொன்னார். வழக்கில் ஜெயித்தார். அந்தச் சாட்சியத்தின் பிரதி பிறகு அவருடைய குடியுரிமை நேர்காணலில் மேசைமேல் இருந்தது.

உங்கள் விஷயத்தில் ஃபெடரல் அரசு வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பு ஐந்து ஆண்டுகள். அது முடிவது 2029 நவம்பர். நீங்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் காலமும் ஏறக்குறைய அதுவேதான். அந்தப் படிவம் கைதானதை மட்டும் கேட்பதில்லை, பிடிபடாமல் செய்த குற்றத்தையும் கேட்கிறது. துப்பாக்கிக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு வைத்திருப்பவரையும் நாடு கடத்தலாம் என்பதை உங்களுக்கு இலவச வழக்கறிஞர் தருவதாகச் சொன்னவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரு நல்ல தீர்ப்பு. அதற்கு நீங்கள் தேவையும் இல்லை: யார்மீதும் வழக்குப் பதியப்படாமலே இத்தகைய விதிகளை எதிர்க்கலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2021-ல் ஹாரிஸ்பர்க் நகரத்துக்கு எதிரான வழக்கில் வழி திறந்துவிட்டது.

ஆகவே சமரசம் செய்துகொள்ளுங்கள். அபராதத்தை நீங்களாகக் கட்டிவிடுவது சமரசம் ஆகாது. அது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும், துப்பாக்கி என்ற சொல்லும் பதிவில் நின்றுவிடும். குடிவரவுச் சட்டமும் தெரிந்த குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தி, நகர வழக்கறிஞரிடம் அவரைப் பேசச் சொல்லுங்கள். 2022 தீர்ப்பு அவர்களுக்கும் தெரியும்; நீங்கள் நகரத்தின்மீது வழக்குத் தொடர மாட்டீர்கள் என்றால் அவர்கள் இதைத் திரும்பப் பெறுவதற்கே வாய்ப்பு அதிகம். மறுத்தால், துப்பாக்கியோடு தொடர்பில்லாத ஒரு சிறு விதிமீறலாக மாற்றித் தரக் கேட்கலாம். அதற்கும் இணங்காவிட்டால் மட்டும் 6120-ஐ எழுத்து மனுவாகத் தாக்கல் செய்யுங்கள். அது சட்டக் கேள்வி என்பதால் நீங்கள் சாட்சி சொல்லத் தேவையில்லை, சொல்லவும் கூடாது. தோற்றால் மேல்முறையீட்டுக்கு 30 நாள் இருக்கிறது.

அதுவரை காவல்துறைக்கோ, அந்தச் சங்கத்துக்கோ, எனக்கோ இதைப் பற்றி இன்னொரு வரியும் எழுதாதீர்கள்.