மே மாத இலங்கைப் பயணம்: காலியை விடுங்கள், திருகோணமலைக்குப் போங்கள்

கேள்வி: மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். மே முதல் வாரம் எட்டு நாள் இலங்கை போக எண்ணம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், எழுபது வயது அம்மா. யாழ்ப்பாணம், திருகோணமலை, சிகிரியா, கண்டி, நுவரெலியா, காலி எல்லாவற்றையும் பார்த்துவிடலாமா? நாகையிலிருந்து கப்பலில் போகலாமா?

பதில்: கப்பலில் போகலாம். எல்லாவற்றையும் பார்க்க முடியாது. வரைபடத்தில் கைக்குள் அடங்குகிற தீவாகத் தெரியும்; ஆனால் 65,610 சதுர கிலோமீட்டர், நம் தமிழ்நாட்டில் பாதி. யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்கே காரில் ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும்.

எதை விடுவது என்பதை மழையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மேட்டூரை நிரப்புகிற தென்மேற்குப் பருவமழைதான் காலியையும் மேற்குக் கரையையும் நனைக்கிறது. மே மாதத்தில் அங்கே வானம் மூட ஆரம்பித்துவிடும், கடலும் கொந்தளிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நம் வயலை மூழ்கடிக்கிற மழைதான் யாழ்ப்பாணத்துக்கும் திருகோணமலைக்கும். ஆகவே மே மாதத்துக்கு வடக்கும் கிழக்கும். காலியை இன்னொரு வருஷம் தை, மாசியில் பார்த்துக்கொள்ளலாம்.

நாகையிலிருந்து யாழ்ப்பாணத்துத் துறைமுகமான காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. பயணம் சுமார் நான்கு மணி நேரம். கடல் சரியில்லை என்றால் ரத்தாகும். அதனால் முதல் இரவுக்கு மட்டும் பணம் திரும்பக் கிடைக்கிற அறையாகப் போடுங்கள். பெட்டிக்கு எவ்வளவு எடை என்பதையும், அன்றைய விசா விதியையும் டிக்கெட் எடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

யாழ்ப்பாணத்தில் இரண்டு இரவு. வெயில் நம் ஊர் கத்திரி மாதிரியேதான், குளிர்ச்சியை எதிர்பார்க்காதீர்கள். இறங்கியதும் பக்கத்திலேயே கீரிமலை. சுவருக்கு அந்தப் பக்கம் அலை அடிக்கிறது, இந்தப் பக்கம் நன்னீர்க் கேணி. பெண்களுக்குத் தனிக் கேணி உண்டு, அம்மாவும் குளிக்கலாம். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும்.

அடுத்து திருகோணமலை, இரண்டு இரவு. சீர்காழிப் பிள்ளை சம்பந்தர் பதிகம் பாடிய கோணேசுவரம் சிவன் கோயில் கடலுக்கு மேல் செங்குத்தான பாறையில் நிற்கிறது. போகிற வழியில் கோட்டைக்குள் புள்ளிமான்கள் சாவகாசமாக மேய்ந்துகொண்டிருக்கும். பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவதுதான் கஷ்டம். பக்கத்திலுள்ள நிலாவெளிக் கடற்கரையில் மே மாதக் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும்.

சிகிரியா வேண்டாம். பாறைக் கோட்டை அது, சுமார் 1,200 படி. அம்மாவைக் கீழே உட்காரவைத்துவிட்டு நீங்கள் ஏற மனசு வராது. அதற்குப் பதில் கண்டி போகும் நாளில் காலையிலேயே கிளம்பிப் பொலன்னறுவையில் இறங்குங்கள். நம் சோழர்கள் ஈழத்தை ஆண்ட தலைநகர் அதுதான். சோழ அரசி ஒருத்தியின் பெயரில் வானவன்மாதேவி ஈசுவரம் என்ற சிறிய கற்கோயில் இன்னும் முழுசாக நிற்கிறது, சுவரில் தமிழ்க் கல்வெட்டு. தஞ்சைப் பெரிய கோயிலை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவர்களுக்கு அதன் அளவு சிறிதாகப் படலாம், ஆனாலும் என் கணக்கில் இந்தப் பயணத்தின் உச்சம் அதுதான். பாஸ்போர்ட்டைக் கையில் வையுங்கள், நுழைவுக் கட்டணத்தில் இந்தியா உட்பட சார்க் நாட்டினருக்குச் சலுகை உண்டு.

கண்டியில் ஒரு இரவு, புத்தரின் பல்லை வைத்திருக்கிற தலதா மாளிகை பார்த்தால் போதும். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரம். காலையில் கிளம்பித் தேயிலைத் தோட்டங்களைப் பார்த்துவிடுங்கள், பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். அம்மாவுக்கு ஸ்வெட்டர் அவசியம். மலை ரயிலில் போக ஆசை இருந்தால், மண்சரிவில் பாதை அடிபடுவது உண்டு என்பதால் ஓடுகிறதா என்று முந்தின வாரமே கேளுங்கள். இல்லாவிட்டால் ஓட்டுநரோடு வேன்தான், அதை யாழ்ப்பாணத்திலேயே பேசி முடித்துவிடுவது நல்லது.

ஒரு விஷயம்: பெரும்பாலும் மே மாதப் பௌர்ணமியில் பௌத்தர்களின் வெசாக் பண்டிகை வரும். ஊரெல்லாம் விளக்கும் அன்னதானமுமாக அழகுதான், ஆனால் அறை கிடைக்காது. தேதியைப் பார்த்து வையுங்கள்.

திரும்பக் கப்பலுக்காக வடக்கே ஓடாதீர்கள். கடைசி இரவு நீர்கொழும்பில் தங்குங்கள். கட்டுநாயக்க விமான நிலையம் அங்கிருந்து பக்கம், கொழும்பு நெரிசலுக்குள் போகவே வேண்டாம். திருச்சிக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான்.