தீவு பார்க்கக் கடன் வாங்கலாமா?

கேள்வி: வயது 31, திருச்சியில் வேலை. சம்பளம் 60,000, மாதச் செலவு 35,000, சேமிப்பு 5 லட்சம். ஜூனில் மூன்று வாரம் ஜப்பான் போக ஆசை. சாடோ தீவில் நோ எனும் பழைய ஜப்பானிய முகமூடி நாடகம், அமாமி ஓஷிமாவில் சேற்றுச் சாயப் பட்டு, இரண்டையும் மறைவதற்குள் பார்த்துவிட வேண்டும். 2 லட்சம் தனிநபர் கடன் வாங்கலாமா? 21 நாள் ரயில் பாஸ் லாபமா?

பதில்: பாஸ் வேண்டவே வேண்டாம். 60,450 யென்னாக இருந்தது 2023 அக்டோபரில் 1 லட்சம் யென் ஆகிவிட்டது. அதுவும் சாடோவுக்குக் கப்பல் கிளம்பும் ஊரான நீகாட்டா ஸ்டேஷன் வரைதான். சாடோ கப்பலுக்குத் தனி டிக்கெட். டோக்கியோ-நீகாட்டா புல்லட் ரயிலில் போக வர 20,000 யென்னுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

கடனும் வேண்டாம். ஆறு மாதச் செலவுக்கான 2.1 லட்சத்தைத் தொடாமல், மீதி 2.9 லட்சத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் சாடோ மட்டும் போய்வாருங்கள். நோ கலையின் பிதாமகர் ஸேஅமி 1434-ல் நாடுகடத்தப்பட்ட தீவு அது. இன்றும் முப்பதுக்கு மேல் நோ மேடைகள் உண்டு, பெரும்பாலும் கோயில் வளாகங்களில். ஜூனில் இருட்டியபின் தீ வெளிச்சத்தில் ஊர்க்காரர்களே ஆடுவார்கள். பார்க்கக் கட்டணம் சொற்பம், சில இடங்களில் அதுவும் இல்லை.

செலவு வேறு இடத்தில் வரும். ஆட்டம் முடியும்போது பஸ் இருக்காது. ஆகவே வாடகை கார் வேண்டும். இங்கே ஆர்டிஓவில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி அங்கே செல்லும், வண்டியும் நம்மூர் போல இடப்பக்கம்தான். காற்று பலமானால் வேகப்படகு நின்றுவிடும். திரும்பும் விமானத்தை மறுநாளுக்கே போடாமல், கூடுதலாக இரண்டு இரவுக்குப் பணம் ஒதுக்குங்கள். சின்ன விடுதிகளில் பல ரொக்கம்தான் கேட்கும். தபால் நிலைய ஏடிஎம்மில் வெளிநாட்டு கார்டு வேலை செய்யும், ஆனால் சிற்றூரில் சீக்கிரம் மூடிவிடுவார்கள். கிரெடிட் கார்டைத் தேய்த்தால் பல வங்கிகள் 3.5 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் பிடிக்கும்; வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டு மேல்.

அமாமி? அங்கே மரத்துண்டுகளை வேகவைத்த சாற்றிலும் இரும்புச்சத்துள்ள சேற்றிலும் நூலை மாறி மாறி முக்கிக் கருப்பாக்குகிறார்கள். பார்க்கப் போனால் வாங்கத் தோன்றும், கிமோனோ துணியோ லட்சங்களில்! பட்டறையில் கட்டணம் கட்டி ஒரு கைக்குட்டையை நீங்களே தோய்த்தால் போதும். 2 லட்சம் கடனுக்கு 14 சதவீத வட்டியில் இரண்டு வருடம் மாதம் சுமார் 9,600 கட்ட வேண்டியிருக்கும். அதே 9,600-ஐ ஆர்டியில் போடுங்கள்; இரண்டு வருடத்தில் 2.3 லட்சமும் வட்டியும் சேர்ந்துவிடும், அமாமிக்கு அது தாராளம். ஜூன் அங்கே மழைக்காலம், அந்தப் பயணத்தை நவம்பருக்கு வையுங்கள்.