ரேமை அதிகப்படுத்திய பிறகு கம்ப்யூட்டர் அடிக்கடி நீலத்திரை காட்டி நின்றுவிடுகிறது. என்ன காரணமாக இருக்கும்?

பழைய ரேமைக் கழற்றாமல், காலி ஸ்லாட்டில் புதியதைச் சேர்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். "அதே கம்பெனி, அதே ஸ்பீடு, ஒன்றும் ஆகாது" என்று கடையில் சொல்லியிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

நான் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். ஏஎம்டியின் ரைசன் 5 3600 பிராசஸர் போட்ட மெஷின். 8 ஜிபி ரேம் இரண்டு, 3200 வேகத்தில் மூன்று வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஃபோட்டோஷாப்புக்குப் போதவில்லை என்று அதே மாடலில் இன்னும் இரண்டு வாங்கி 32 ஆக்கினேன். மூன்றாம் நாளே நீலத்திரை. ஒரு தடவை மெமரி மேனேஜ்மென்ட் என்று வரும், அடுத்த தடவை வேறு பெயர். சர்வீஸுக்கு வந்தவர் வைரஸ் என்று சொல்லி இரண்டு முறை விண்டோஸ் போட்டார். இரண்டுக்கும் காசு வாங்கிக்கொண்டார்.

நீலத்திரையாவது கண்ணுக்குத் தெரியும். அந்த வாரம் ஒரு கல்யாணத்தின் கேமரா கார்டைக் காப்பி செய்துவிட்டு ஃபோட்டோகிராபரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் அடுத்த வேலைக்கு அதை ஃபார்மேட் செய்துவிட்டார். இரவு திறந்து பார்த்தால் 11 படங்கள் பாதிக்குமேல் சாம்பல். ஒன்றில் மாப்பிள்ளையின் பாட்டி அட்சதை போடக் கையைத் தூக்கியிருக்கிறார். கைக்குக் கீழே ஒரு பச்சைக் கோடு, அப்புறம் ஒன்றுமே இல்லை. ரேமில் ஒரு பிட் புரண்டால், ஃபைலும் புரண்டபடியே டிஸ்க்கில் போய் உட்காரும். எந்த எச்சரிக்கையும் வராது. பேக்கப் எடுக்காமல் கார்டைக் கொடுத்தது உன் தப்பு என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். அந்த வீட்டில் நானே போய்ச் சொன்னேன்.

அவர்கள் கோபப்படாமல், சொந்தக்காரர்கள் போனில் எடுத்த படங்களைக் கேட்டு வாங்கித் தந்தார்கள். எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து சுருங்கிப்போனவை. 12 அங்குலப் பக்கத்தில் போட்டால் முகமே கலங்குகிறது. டாக்குமென்டாக அனுப்புங்கள் என்று எத்தனை வருடமாகச் சொல்கிறேன், ஒருவரும் கேட்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே பூட் செய்தேன். ரேமை ஒவ்வொன்றாகப் போட்டபோது நான்குமே சுத்தம். நான்கையும் சேர்த்துப் போட்டதும் அரை மணி நேரத்தில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். பயாஸில், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் செட்டிங்ஸில், ரேமை 3200-க்கு ஏற்றிவிடும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை எடுத்துவிட்டு வேகத்தை 2666-க்கு இறக்கினேன். விடிய விடிய ஓடியும் ஒரு பிழை இல்லை. எக்ஸ்எம்பி வேகம் என்பது அந்த ஒரு பேக்கை மட்டும் சோதித்துப் போட்ட கணக்கு. நான்கு ரேம் போட்டால் இந்தப் பிராசஸருக்கு ஏஎம்டியே சொல்வது, ரேமின் வகையைப் பொறுத்து 2933 அல்லது 2667தான். வோல்டேஜைக் கூட்டி 3200-லேயே ஓட்டலாம் என்று ஹார்டுவேர் தெரிந்தவர்கள் வருவார்கள். ஓடலாம். என் வேலையில் அந்த வேக வித்தியாசம் தெரியவே இல்லை, அதனால் எனக்கு வேண்டாம்.

நீங்கள் முதலில் புதிய ரேமைக் கழற்றிவிட்டுப் பழையதோடு வேலையைப் பாருங்கள். இரவில் டெஸ்ட்டை ஓட விடுங்கள். தனியாகப் போட்ட ரேமிலேயே சிவப்பு வந்தால், காண்டாக்டை ரப்பரால் துடைத்துவிட்டு இன்னொரு ஸ்லாட்டிலும் ஒருமுறை பாருங்கள். அப்போதும் வந்தால் வாரண்டியில் மாற்றுங்கள். ரேம் மாற்றிய நாளுக்குப் பிறகு காப்பி செய்த படங்களை இன்றே ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள், ஒரிஜினல் எங்காவது மிச்சமிருக்கும்போதே.